பிசிரும் கசையிழையும்

உயிர்ப்பொருள்களை நிலைத்திணை, இயங்குதிணை என இருகூறாகப் பகுத்தல் நம் முன்னோர் வழக்கு. மரமும் செடியும் நிலைத்திணை. ஊர்வனவும் பறப்பனவும் நடப்பனவும் இயங்குதிணை. கண்ணுக்குப் புலனாகும் உலகிற்கு இப்பகுப்பு நன்கு பொருந்துகின்றது. ஆயினும் ஒரு துளிக் குளத்துநீரைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்து நோக்குவார்க்கு இவ்வெல்லை கலங்கிவிடும். கிளமிடோமோனாஸ் என்னும் பசிய உயிரணு, மரஞ்செடிகளைப் போலவே ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்குகின்றது. அதுவே முன்புறத்துள்ள இரண்டு இழைகளை வீசி, வெளிச்சத்தை நாடி நீந்தியும் செல்கின்றது. இதனை எத்திணையில் அடக்குவது? இலக்கணம் பயிலும் எம்மனோர் உயிர்நூலிற் புகுதல் தகுமோ என அந்நூல் பயிலும் நண்பர் நகையாடுவர். ஆயினும் இவ்விழைகளைப் பற்றிக் கற்கக் கற்க, பொருளைப் போலவே அதற்கிட்ட பெயரும் எம்மை மயக்கியதாதலின், இரண்டையும் ஒருங்கே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

உயிரணுவின் புறத்தே முளைத்து அசையும் இவ்விழைகளை மேனாட்டார் இருபெயரால் வழங்குவர். குறுகியனவாய்ப் பலவாய் நெருங்கி நிற்பன சிலியா எனப்படும். நீண்டனவாய் ஒன்றோ சிலவோ இருப்பன பிளாஜெல்லா எனப்படும். இலத்தீன் மொழியில் முன்னது இமையையும் இமைமயிரையும் குறிக்கும். பின்னது சிறு சாட்டையைக் குறிக்கும். தமிழில் முன்னதைப் பிசிர் என்றும் பின்னதைக் கசையிழை என்றும் கூறுவர். இரண்டும் வடிவு பற்றி எழுந்த காரணப்பெயர்களே. வடிவு பற்றிய பெயர் தொழிலை மறைத்து நிற்பதும் உண்டு என்பது பின்னர்ப் புலனாகும்.

இவற்றை முதன்முதற் கண்டவர் பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லர், இலத்தீன் அறியாதவர், ஹாலந்து நாட்டு டெல்ப்ட் நகரத்தில் துணி விற்றவர். அந்தோனி வான் லீவன்ஹுக் என்பது அவர் பெயர். தாமே தேய்த்தமைத்த சிறு கண்ணாடி வில்லை ஒன்றைக்கொண்டு, 1674-ஆம் ஆண்டில் அந்நகரை அடுத்த ஏரியொன்றின் நீரை அவர் நோக்கி, அதனுள் சிற்றுயிர்கள் திரிதலைக் கண்டார். பின்னர், மிளகிற்குக் காரம் எதனால் வருகின்றதென்று அறிய விரும்பி, மிளகை நீரில் ஊறவைத்து நோக்கினார். காரத்தின் காரணம் அகப்படவில்லை. அந்நீரில் எண்ணிறந்த உயிர்கள் அகப்பட்டன. 1676-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இலண்டன் இராயல் சங்கத்திற்கு எழுதிய நெடுங்கடிதத்தில், அவ்வுயிர்களுட் சிலவற்றிற்கு மிக மெல்லிய கால்கள் போன்றன உள என்றும், அவை விரைந்து அசைவன என்றும் குறித்தார். சங்கத்தார் உடனே நம்பினாரல்லர். 1677-இல் ராபர்ட் ஹுக் என்பார் அச்சோதனையைச் செய்துகாட்டிய பின்னரே ஐயம் நீங்கினர். ஒன்றை நாடி வேறொன்றைக் கண்டவர் பலர். மிளகின் காரத்தை நாடிப் புதியதோர் உலகையே கண்டவர் இவர் ஒருவரே.

இனி, இவ்விழைகள் செய்யும் தொழிலின் அருமையை உணரவேண்டின், சிற்றுயிர் வாழும் நீர் எத்தகையது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நாம் நீராடும் நீரும் அது வாழும் நீரும் பொருளால் ஒன்றே, பட்டறிவால் வேறு. தோணியைத் துடுப்பால் ஒருமுறை உந்திவிட்டுக் கை ஓய்ந்தாலும் தோணி சிறிது தொலைவு தானே செல்லும். பெற்ற வேகம் உடனே அழியாமையே அதற்குக் காரணம். உருவம் சிறுகச் சிறுக இவ்வேகத்தின் வலி குன்றும். நீரின் பிசுபிசுப்பு ஒன்றே மேலோங்கும். எட்வர்ட் பர்செல் என்னும் அமெரிக்கப் பௌதிக அறிஞர் 1977-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். நீந்திச் செல்லும் பாக்டீரியா ஒன்று தன் முயற்சியைத் திடீரென நிறுத்துமாயின், அஃது ஓர் அணுவின் குறுக்களவினும் மிகக் குறைந்த தொலைவிற்குள் நின்றுவிடும் என்பது அவர் கண்ட விடை. அவ்வுயிர்க்கு நீர், நமக்குக் கெட்டிப்பாகு போன்றது. உந்தும்வரை இயக்கம், உந்தாவிடில் உடனே நிலை.

இதனினும் வியப்பானதொன்றையும் அவர் விளக்கினார். இரட்டை ஓடுடைய சிப்பி ஒன்று கடலில் மெல்லத் திறந்து விரைந்து மூடி, நீரைப் பீறிட்டு முன்னேறும். அதே சிப்பி பாக்டீரியாவின் அளவிற்குச் சிறுகுமாயின், எத்தனைமுறை திறந்து மூடினும் இருந்த இடத்திலேயே இருக்கும். திறக்கையில் எவ்வளவு பின்சென்றதோ, மூடுகையில் அவ்வளவே முன்செல்லும். மெல்லத் திறத்தலும் விரைந்து மூடலும் ஆகிய வேறுபாடு அங்கே செல்லாது. சுருங்கக் கூறின், சென்ற வழியே மீளும் அசைவால் அந்நீரில் யாதொரு பயனும் இல்லை. நீரினின்று எடுக்கமுடியாத துடுப்பை முன்னும் பின்னும் வெறுமனே ஆட்டும் தோணிக்காரன் நிலையே அது. ஆகவே நீந்த விரும்பும் உயிரணு, போகும் வழி வேறு, மீளும் வழி வேறு எனக் கொண்ட அசைவைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பிசிர் இதனைச் செய்யும் முறை காண்க. முன்வீச்சில் அது விறைத்து நிமிர்ந்து, நீள முழுவதாலும் நீரைத் தள்ளும். மீள்வீச்சில் அடியிலிருந்து வளைந்து, உயிரணுவின் மேற்பரப்பை ஒட்டித் தவழ்ந்து திரும்பும். பரப்பை ஒட்டிய நீர் பரப்போடு பற்றி நிற்பதாகலின், அங்கே தவழும் இழையால் நீர் மிகுதியாகப் பின்னே இழுக்கப்படுவதில்லை. எனவே ஒவ்வொரு சுற்றிலும் சிறிது ஊதியம் எஞ்சும். பரமீசியம் என்னும் குளத்துயிர், மில்லிமீட்டரில் கால் பங்கு அளவே நீண்டது. அதன் உடல் முழுவதும் ஆயிரக்கணக்கான பிசிர்கள் உள. அவையனைத்தும் ஒரே காலத்தில் வீசுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது தாழ்த்து வீசுதலின், நெல்வயலின்மேல் காற்றுச் செல்வதுபோல அலை அலையாகத் தோன்றும். இங்ஙனம் நீந்தும் பரமீசியம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் செல்லும். அஃதாவது தன் உடலைப்போல் மூன்று நான்கு மடங்கு தொலைவு. விந்தணுவின் வால் வேறொரு வழியைக் கையாளும். அடியில் தோன்றிய வளைவு நுனியை நோக்கி ஓடும்; அது முடியுமுன் அடுத்த வளைவு தோன்றும். ஓடும் அலைக்கு மீளும் வழி என்பதே இல்லையன்றோ?

உயிரணு ஓரிடத்தில் நிலைபெற்றிருப்பின், அதன் பிசிர் அதனைச் சுமந்து செல்வதற்கு மாறாக, அருகிலுள்ள நீர்மத்தைச் செலுத்தும். நம் மூச்சுக்குழலின் உட்பரப்பில் உயிரணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 பிசிர்களை உடையது. அவை நொடிக்குப் பத்துமுதல் இருபது முறை வீசுவன. நாம் உள்ளிழுக்கும் தூசும் கிருமியும் அங்குள்ள சளியிற் படிய, பிசிர்கள் அச்சளியை இரவும் பகலும் தொண்டையை நோக்கி ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. நாமும் அறியாது விழுங்கிவிடுகின்றோம். புகையிலைப்புகை இவற்றைக் குன்றச்செய்து ஓயச்செய்யும். புகைபிடிப்பார்க்கு விடியலில் வரும் இருமல், பிசிர் செய்யாத வேலையை மார்பு செய்ய முயல்வதே. இதனைப் படிக்கும் நண்பர் சிலர்க்கு இப்பகுதி இனியாது என்பதை அறிவோம்.

அகத்தமைப்பு யாது? ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கே பருமையுள்ள இவ்விழையின் உள்ளமைப்பைக் காண எலெக்ட்ரான் பூதக்கண்ணாடி வரும்வரை உலகம் காத்திருக்கவேண்டியதாயிற்று. ஐரீன் மாண்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணியார் தம் துணைவர் ஒருவரோடு பாசியினத்தைச் சேர்ந்த ஸ்பாக்னம் என்னும் செடியின் விந்தணுவை ஆராய்ந்து, 1952-இல் அதன் இழைக்குள் ஒன்பது இரட்டைக் குழல்கள் வட்டமாகச் சூழ, நடுவே இரண்டு ஒற்றைக் குழல்கள் நிற்றலைக் காட்டினார். 1954-இல் பாசெட், போர்ட்டர் என்னும் அமெரிக்கர் இருவர் விலங்குகளின் பிசிரிலும் இவ்வொழுங்கையே கண்டனர். ஒன்பதும் இரண்டும் என்னும் இக்கணக்குப் பரமீசியத்திலும், கிளமிடோமோனாஸிலும், பாசிச்செடியின் விந்தணுவிலும், இதனை எழுதும் எம் மூச்சுக்குழலிலும் ஒன்றே. சிறியது பிசிர், பெரியது கசையிழை என்று நீளம் பற்றிப் பிரித்தமை உள்ளே சென்றவுடன் பொருளற்றதாகிவிட்டது. இரண்டும் ஒரே கருவி.

இடையே ஒன்று கூறி அப்பாற் செல்வோம். நிலைத்திணையாகிய மரத்திற்கும் நீந்தும் அணு உண்டு. 1896-இல் ஜப்பானில் ஹிராஸே என்பார் கிங்கோ மரத்தின் விந்தணு இழைகளை வீசி நீந்துதலைக் கண்டார். அவ்வாண்டிலேயே இகேனோ என்பார் சைக்கஸ் மரத்திலும் அதனைக் கண்டார். சைக்கஸ் இனத்தைச் சேர்ந்த சாமியாவின் விந்தணு, கண்ணாடியின் உதவியின்றியே ஒரு புள்ளிபோற் காணத்தகும் பருமையும், பல்லாயிரம் இழைகளும் உடையது. மலர்பூக்கும் மரஞ்செடிகளோ இவ்விழைகளை அறவே இழந்துவிட்டன. அவற்றின் விந்தணு நீந்துவதில்லை. மகரந்தக் குழலே அதனைக் கொண்டுசென்று சேர்க்கின்றது.

குழல்கள் எங்ஙனம் வளைகின்றன என்பதே அடுத்த வினா. தசை சுருங்குதல்போல் அவை சுருங்குகின்றன என்று பலர் எண்ணினர். அஃது அங்ஙனமன்று. 1965-இல் கிப்பன்ஸ், ரோ என்னும் இருவர், இரட்டைக் குழல்களின்மீது சிறு கைகள்போல் நீட்டிநிற்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு டைனீன் எனப் பெயரிட்டனர். ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளைச் செலவிட்டு, ஓர் இரட்டையின் கைகள் அடுத்த இரட்டையைப் பற்றிப் பற்றி நடக்கின்றன. இதனை ஐயமற நாட்டிய சோதனை 1971-இல் நிகழ்ந்தது. சம்மர்ஸ், கிப்பன்ஸ் இருவரும் கடல்முள்ளெலி என்னும் உயிரியின் விந்தணு வாலை எடுத்துச் சவ்வை நீக்கி, குழல்களை ஒன்றோடொன்று பிணிக்கும் தளைகளை டிரிப்சின் என்னும் செரிமானப்பொருளாற் சிறிதளவு அறுத்து, பின் ஏ.டி.பி. வார்த்தனர். வால் வளையவில்லை, குழல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நீண்டுகொண்டே சென்றன! ஆகவே இயற்கையில் நிகழ்வது வழுக்குதலே. தளைகள் அதனைத் தடுப்பதால் வழுக்கல் வளைவாக மாறுகின்றது. இதனை எவரும் செய்து காணலாம். தென்னையோலை ஈர்க்குகள் இரண்டை ஒருபுறம் சேர்த்து இறுகக் கட்டி, மறுபுறத்தில் ஒன்றை மேலே தள்ளி மற்றொன்றைக் கீழே இழுத்தால், கட்டு வழுக்கலைத் தடுக்க, இரண்டும் ஒருங்கே வில்லென வளையும்.

இக்கைகள் இல்லாதொழியின் என்னாகும்? ஸ்வீடன் நாட்டு அப்ஸேலியஸ் என்பார், விந்தணு அசையாமையால் மகப்பேறு இல்லாத ஆடவர் சிலரை ஆராய்ந்து 1976-இல் எழுதினார். அவர்தம் விந்தணு வால்களில் டைனீன் கைகளே இல்லை. அவர்கள் சிறுவயது முதலே ஓயாத இருமலாலும் மூக்கடைப்பாலும் வருந்தியவர்கள் என்பதும் தெரியவந்தது. மூச்சுக்குழலும் விந்தணுவும் ஒரே கருவியை உடையன என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ? அவர்களுட் சிலர்க்கு இதயம் வலப்புறத்திலும் ஈரல் இடப்புறத்திலுமாக உறுப்புக்களெல்லாம் இடம்மாறியிருந்தன. இருமலும் இடமாற்றமும் ஒருங்கே வருதலை 1933-இல் கார்டகெனர் என்னும் ஸ்விஸ் மருத்துவர் முன்னரே எழுதியிருந்தார். காரணம் மட்டும் விளங்காதிருந்தது. இந்நோயினருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கே இவ்விடமாற்றம் நிகழ்வதுதான் புதிர்.

புதிரின் விடை 1998-இல் ஜப்பானிலிருந்து வந்தது. எலியின் கரு மிக இளையதாயிருக்கும்பொழுது, அதன் நடுவே ஒரு சிறு குழி தோன்றும். அக்குழியின் உயிரணு ஒவ்வொன்றிலும் பிசிர் ஒன்று உண்டு. அது வீசுவதற்கு மாறாகச் சுழலும். பின்புறம் சாய்ந்து சுழலும். ஆகவே இடப்பக்கம் செல்கையில் பரப்பினின்று உயர்ந்தும், வலப்பக்கம் மீள்கையில் பரப்பை ஒட்டியும் செல்லும். பரமீசியத்தின் பிசிரில் யாம் கண்ட முறையே இங்கும் காண்க. இதனால் குழியிலுள்ள நீர்மம் இடப்புறமாக ஓடும். அவ்வோட்டமே இடம் இது, வலம் இது எனக் கருவிற்கு உணர்த்தும். ஓட்டம் இல்லாவிடின் கரு காசு சுண்டிப் பார்ப்பதுபோல் ஒரு பக்கத்தைத் தேரும். எனவே பாதிப்பேர்க்கு முறையாகவும் பாதிப்பேர்க்கு மாறாகவும் அமையும். 2002-இல் அந்நாட்டு அறிஞர் அந்நீர்மத்தை வலிந்து எதிர்த்திசையில் ஓட்டி, கருவின் இடவல அமைப்பு மாறச் செய்தே காட்டினர். நம் நெஞ்சம் இடப்புறம் அடிப்பதற்கு, பிறப்பதற்கு நெடுநாள் முன்னே சுழன்ற சில மயிர்கள் காரணமாகும்.

இதுகாறும் கூறியவை கருவுடைய உயிரணுக்களின் இழைகள். பாக்டீரியாவின் கசையிழை பெயரால் ஒன்று. பொருளால் முற்றிலும் வேறு. எ. கோலை என்பது நம் குடலில் வாழும் பாக்டீரியம். நீளம் இரண்டு மைக்ரான். அதன் கசையிழையினுள் ஒன்பதும் இல்லை, இரண்டும் இல்லை, டைனீனும் இல்லை. ஒரே வகைப் புரதம் அடுக்கடுக்காகச் சுருண்ட திருகுருவம் அது. தானே வளையும் ஆற்றலும் அதற்கில்லை. அவ்வாறாயின் அஃது எங்ஙனம் உந்தும்? 1973-இல் பெர்க், ஆண்டர்சன் என்னும் இருவர், அது சுழல்கின்றது என்று துணிந்து எழுதினர். உயிருடலில் சக்கரம் இல்லை என்று நம்பியிருந்த காலம் அது. மறுவருடம் சில்வர்மன், சைமன் என்பார் செய்த சோதனை மிக எளிது. கசையிழையின் நுனியைக் கண்ணாடித் தட்டில் ஒட்டி அசையாமற் செய்தனர். இழை நிலைபெற, பாக்டீரியாவின் உடலே கற்சக்கரம்போற் சுழன்றது. கண்டார் வாயடைத்தனர்.

இழையின் அடியில், சவ்விற் பதிந்து ஒரு பொறி உளது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 45 நானோமீட்டர். அதனை ஓட்டுவது ஏ.டி.பி. அன்று; சவ்வின் புறத்திருந்து உள்ளே பாயும் புரோட்டான்கள். ஆற்றுநீர் பாய்ந்து ஆலைச்சக்கரத்தைச் சுழற்றுதல் போலும். எ. கோலையின் பொறி நொடிக்கு நூறு சுற்றிற்கு மேலும் சுழலும். சோடியத்தால் ஓடும் கடல்வாழ் விப்ரியோ ஒன்றின் பொறி நொடிக்கு 1,700 சுற்றுவரை சுழன்றதை அளந்துள்ளனர். இடஞ்சுழியாகச் சுழலுங்கால் இழைகளெல்லாம் ஒரு கற்றையாகப் பின்னி உடலை நேரே உந்தும். வலஞ்சுழியாக மாறின் கற்றை குலைந்து உடல் தடுமாறி வேறு திசை நோக்கும். ஒரு நொடி ஓட்டம், பத்திலொரு நொடித் தடுமாற்றம். இதுவே அதன் வாழ்க்கை. உணவு மிகும் திசையிற் செல்லுங்கால் தடுமாற்றத்தைத் தள்ளிப்போடும். வழி காணும் கண்ணில்லாத அவ்வுயிர், சற்றுமுன் இருந்ததினும் இப்பொழுது நலமோ என்று ஒப்புநோக்கியே உணவை அடைகின்றது.

இப்பொறியைப் பற்றி ஒரு பெரும் வழக்கே நடந்தது. கிறிஸ்தவர்களாகிய எமக்கு அதனைக் கூறாது விடல் இயலாது. 1996-இல் மைக்கேல் பீஹி என்னும் அமெரிக்க உயிர்வேதியியலார் ஒரு நூலில், பிசிரையும் பாக்டீரியாவின் கசையிழையையும் எடுத்துக்காட்டி, இவற்றின் உறுப்புக்களுள் ஒன்றை நீக்கினும் கருவி நின்றுவிடும். ஆகவே சிறிது சிறிதாக இவை தோன்றியிருத்தல் இயலாது. அறிவுடைய ஒருவர் அமைத்தனவே என வாதித்தார். யாமும் இவ்வாதத்தை முதலிற் கேட்டபொழுது மகிழ்ந்தோம். படைத்தவரின் கையெழுத்தே அகப்பட்டதுபோலிருந்தது. பென்சில்வேனியா நாட்டு டோவர் என்னும் ஊரில் இக்கொள்கையைப் பள்ளி மாணாக்கர்க்கு அறிவிக்கவேண்டுமெனக் கல்விக் குழுவினர் விதிக்க, பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். பீஹி ஒரு சாராருக்குச் சான்று பகர்ந்தார். எதிர்ச்சாராருக்குச் சான்று பகர்ந்த உயிர்நூற்புலவர் கென்னத் மில்லரும் கத்தோலிக்கக் கிறிஸ்தவரே. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், அக்கொள்கை விஞ்ஞானமன்று என நீதிபதி தீர்ப்பளித்தார்.

தீர்ப்பைவிடச் சான்றுகளே எம் மனத்தை மாற்றின. பிளேக் நோயை விளைக்கும் பாக்டீரியாவிடம் நஞ்சைப் பிற உயிரணுவிற் செலுத்தும் ஊசி போன்றதொரு கருவி உளது. அதன் உறுப்புக்கள் பல, கசையிழைப் பொறியின் அடிப்பகுதி உறுப்புக்களுக்கு உறவுடையன. கசையிழைக்குரிய பிற உறுப்புக்கள் பல இல்லாமலே அது தனக்குரிய வேறொரு தொழிலைச் செவ்வனே செய்கின்றது. அவ்வூசியே கசையிழைப் பொறியினின்று பிறந்தது என்பாரும் உளர். ஆதலின் ஊசி முந்தியது என யாம் கூறேம். உறுப்புக் குறைந்தால் ஒன்றுக்கும் உதவாது என்ற கூற்றுப் பிழை என்பதற்கு அது போதும். பிசிரின் நிலையும் அதுவே. விலாங்குமீனின் விந்தணு வாலில் நடுக்குழல் இரண்டும் இல்லை, புறக்கைகளும் இல்லை. ஆயினும் அது நன்றாகவே நீந்துகின்றது. அறியாமையாகிய இடைவெளியிற் கடவுளை வைப்போமாயின், இடைவெளி அடைபடுந்தோறும் அவரைப் பெயர்த்துக்கொண்டே செல்லவேண்டும். விலாங்கின் வாலைக் கண்டு எம் நம்பிக்கை தளர்ந்ததில்லை. அவ்வாதத்தைத் துணைக்கொள்வதை மட்டும் விட்டோம்.

இனிப் பெயருக்கு வருவோம். ஆர்க்கியா என்னும் மற்றொரு நுண்ணுயிர்க் குலத்திற்கும் சுழலும் இழை உண்டு. அது பாக்டீரியாவின் இழையோடு உறவில்லாதது. புரோட்டானால் இயங்காமல் ஏ.டி.பி.யால் இயங்குவது. இங்ஙனம் மூவேறு பொருள்கள் கசையிழை என்ற ஒரு சொல்லில் அடைபட்டிருந்தன. 2012-இல் ஜாரல், ஆல்பர்ஸ் என்னும் அறிஞர் மூன்றாவதற்கு ஆர்க்கெல்லம் எனத் தனிப்பெயர் வகுத்தனர். எஞ்சிய இரண்டும் மேனாட்டு நூல்களில் இன்றும் ஒரே பெயரோடு திரிகின்றன. உண்மையில் அப்பெயர் இரண்டற்குமே பொருந்தாது. சாட்டை என்பது கைப்பிடியில் ஆட்ட, மற்றப்பகுதி தொடர்ந்து ஆடும் பொருள். விந்தணுவின் வாலோ நீள முழுவதும் தானே வலியுடையது. உயிரணுவினின்று பிரித்துச் சவ்வை நீக்கி ஏ.டி.பி. கொடுத்தாலும் துடிக்கும். பாக்டீரியாவின் இழை அடியில் இயக்கப்படுவது உண்மையே. ஆயின் அது துவளுவதன்று, சுழலுவது. அவ்வகையில் கப்பலின் திருகுச்சக்கரத்தோடு உறவுடையது.

தமிழிற் கலைச்சொல் ஆக்குவோர் பிறமொழியார் இடறிய இடத்திலேயே இடறவேண்டுமென்ற கடப்பாடு இல்லை. கருவுடைய உயிரணுவின் இழை, நீண்டதாயினும் குறுகியதாயினும் பிசிர் என்றே வழங்கலாம். வேண்டுமிடத்து நெடும்பிசிர், குறும்பிசிர் எனப் பிரிக்கலாம். பாக்டீரியாவின் இழையைச் சுழலிழை எனலாம். ஆர்க்கியாவினதற்கு ஆர்க்கெல்லம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கருவின் குழியிற் சுழலும் பிசிரும் சுழல்வதன்றோ, அதனைச் சுழலிழை என்னாமை என்னையெனின், அது வேரோடு நின்று தன்னைத் தானே வளைத்து வட்டமிடுவது. அச்சின்மேல் உருள்வதன்று என்க. கசையிழை என்ற சொல் எற்றுக்கு எனின், பழைய நூல்களைப் படிக்க அது வேண்டும்.